நிற்கும் லொறி பற்றரியைக் குடிப்பது ஏன்?

வன்னியில் மரக்கறிச் செய்கையாளர் சிலர் சேர்ந்து பழைய லொறி ஒன்றை வாங்கி ஓடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வாரத்தில் இரண்டு இரவுகள் தம்புள்ளைச் சந்தைக்குப் பயணம். ஒரு திங்கள் இரவு, கத்தரியும் பூசணியும் ஏற்றி முடிந்தபின் சாரதி சாவியைத் திருப்புகிறார். "டக்" என்ற சத்தம் மட்டுமே கேட்கிறது. பாரம் ஏற்றிய லொறியைத் தள்ளுவதற்கு ஆட்கள் சேரும்போது விடிந்துவிடுகிறது. சந்தையை அடையும்போது விலை விழுந்துவிட்டது. குழு தன் சேமிப்பிலிருந்து பணம் எடுத்து இரண்டு புதிய பற்றரிகளை வாங்குகிறது. இரண்டு வாரத்தில் மீண்டும் அதே "டக்".

அளந்து பார்க்காமல் பற்றரியைக் குற்றம் சொன்னதே இங்கு நடந்த பிழை. அளப்பதற்குப் பெரிய கராஜ் தேவையில்லை. சாதாரண மல்ரிமீற்றர் ஒன்றும் சிறிது பொறுமையும் போதும்.

சிறிய ஒழுக்கு, பெரிய இழப்பு

லொறியை நிறுத்திச் சாவியை எடுத்த பின்பும் ஏதோ ஒரு வழியால் மின் ஓடிக்கொண்டிருந்தால் அதை மின் ஒழுக்கு என்கிறோம். மணிக்கூடு, ரேடியோ போன்றவற்றுக்காகச் சிறிதளவு மின் ஓடுவது இயல்பே. பழைய லொறியில் அது 0.05 அம்பியருக்குள் இருக்க வேண்டும். ஒழுக்கு 0.5 அம்பியர் என்றால் ஒரு நாளில் 12 அம்பியர் மணி போய்விடும். மூன்று நாள் நின்றால் 36. அதாவது 70 அம்பியர் மணிப் பற்றரியில் பாதிக்கு மேல். நாள்தோறும் ஓடும் லொறியில் இது தெரியாது. நின்று நின்று ஓடும் லொறியிலேயே தெரியவரும்.

வேலைக்கு முன்

பற்றரியிலிருந்து வெளிவரும் வாயு தீப்பற்றக்கூடியது. அருகில் பீடியோ விளக்கோ வேண்டாம். மோதிரம், கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றிவிடுங்கள். மறை முனையை முதலில் கழற்றி, கடைசியில் பூட்டுங்கள். அமிலம் பட்டால் உடனே நிறையத் தண்ணீரால் கழுவுங்கள்.

படி 1: குற்றம் யாருடையது?

பற்றரிகளை முழுமையாகச் சார்ஜ் ஏற்றி, மறை முனை வயரைக் கழற்றியபடி ஓர் இரவு விடுங்கள். காலையில் ஒவ்வொரு பற்றரியையும் தனித்தனியே அளந்து பாருங்கள். 12.6 வோல்ற்று அளவில் இருந்தால் நல்லது. 12.2 என்றால் ஏறத்தாழப் பாதி போய்விட்டது. வயர் கழற்றியிருந்தும் இறங்கினால் குற்றம் பற்றரியினுடையது. மேற்பரப்பில் அமிலமும் அழுக்கும் படிந்திருந்தாலும் மின் கசியும். அதைத் துடைத்துவிட்டு மீண்டும் சோதியுங்கள்.

பின்னர் பூட்டி, எஞ்சினை ஓடவிட்டு அளவுங்கள். இரண்டு பற்றரிகள் உள்ள 24 வோல்ற்று லொறியில் ஏறத்தாழ 28 வோல்ற்று காட்ட வேண்டும். குறைந்தால் ஒல்ரனேற்றரையும் அதன் பெல்ற்றையும் பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தும் நின்ற லொறியில் பற்றரி இறங்கினால், ஒழுக்கைத் தேட வேண்டும்.

படி 2: ஒழுக்கை அளத்தல்

சாவியை எடுத்து, விளக்குகளை அணைத்து, கதவுகளை மூடுங்கள். மறை முனையில் உள்ள எல்லா வயர்களையும் கழற்றி ஒன்றாகச் சேருங்கள். மீற்றரை 10 அம்பியர் அளவில் வைத்து, ஒரு கம்பியை மறை முனையிலும் மற்றதைக் கழற்றிய வயர்களிலும் தொடுங்கள். மீற்றர் இப்படி இருக்கும்போது சாவியைத் திருப்பக் கூடாது. திருப்பினால் மீற்றர் பழுதாகும்.

மீற்றர் இல்லாதவர்கள் லொறியின் வோல்ற்றுக்கு ஏற்ற 5 உவாற்று பல்ப் ஒன்றை அதே இடத்தில் இணைக்கலாம். எரிந்தால் ஒழுக்கு உண்டு. ஆனால் எரியாவிட்டால் ஒழுக்கு இல்லை என்று முடிவுசெய்ய வேண்டாம். சிறிய ஒழுக்கு அதை எரியவைக்காது.

படி 3: வழியைக் கண்டுபிடித்தல்

ஒருவர் மீற்றரைப் பார்க்க, மற்றவர் பியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். எதைக் கழற்றும்போது அளவு விழுகிறதோ, அந்த வழியில்தான் பழுது. ஒட்டிக்கொண்ட பிறேக் லைற் சுவிச், அணையாத கபின் விளக்கு, தோல் உரிந்து சட்டகத்தில் உரசும் வயர் ஆகியவை வழக்கமான காரணங்கள். பகலில் பிறேக் லைற் எரிவது கண்ணுக்குத் தெரியாது. ஆகவே இருட்டிய பின் லொறியைச் சுற்றி ஒருமுறை நடந்து பாருங்கள்.

எந்தப் பியூஸைக் கழற்றியும் அளவு விழாவிட்டால், பியூஸ் பெட்டியைத் தொடாத வழிகளைப் பாருங்கள். பற்றரியைப் பிரித்துவிட்டு ஒல்ரனேற்றரின் பெரிய வயரைக் கழற்றி, அதன் நுனியைத் துணியால் சுற்றி, மீண்டும் அளவுங்கள். அளவு விழுந்தால் உள்ளிருக்கும் டயோட் பழுது. அடுத்து, பின்னாளில் பொருத்திய அலங்கார விளக்கு, ஹோன், பாட்டுப்பெட்டி ஆகியவற்றின் வயர்களைப் பின்தொடருங்கள்.

நமது குழுவின் லொறி

அவர்கள் அளந்தபோது ஒரு பற்றரி 12.6 வோல்ற்றும் மற்றது 11.8 வோல்ற்றும் காட்டின. லொறி முழுவதற்கும் மின் இரண்டிலிருந்தும் சமமாகவே போகும். ஆகவே ஒன்று மட்டும் இறங்கியதே முதற் துப்பு. 12 வோல்ற்றுப் பாட்டுப்பெட்டியின் அம்பிளிபயரை யாரோ ஒரு பற்றரியில் மட்டும் நேரே இணைத்திருந்தார்கள். பாட்டு நின்றாலும் அது 0.5 அம்பியர் இழுத்துக்கொண்டே இருந்தது. இப்படி ஓடினால் ஒரு பற்றரி வற்றும். மற்றது அளவுக்கு மேல் சார்ஜ் ஏறித் தண்ணீரை இழக்கும். இரண்டும் கெட்டுவிடும்.

திருத்தம் எளிது. 24 வோல்ற்றை 12 ஆக்கும் கருவி ஒன்றின் ஊடாக, பியூஸுடன், சாவியை எடுத்தால் அணையும் வழியில் இணைத்தார்கள். பற்றரிகளை வெளியே கழற்றித் தனித்தனியே முழுச் சார்ஜ் ஏற்றினார்கள். புதிய பற்றரி வாங்க வேண்டியிருக்கவில்லை. முதலில் எடுத்துப் போட்ட பழைய பற்றரிகளும் நன்றாக இருந்திருக்கலாம். அளக்காமல் விற்றுவிட்டதால் இனி அது தெரியப்போவதில்லை.

கலந்துரையாட

1. உங்கள் ஊர் வாகனங்களில் பற்றரியில் நேரே இணைத்த பொருட்கள் எவை?
2. 0.2 அம்பியர் ஒழுக்கு, 70 அம்பியர் மணிப் பற்றரியில் பாதியை எத்தனை நாளில் குடிக்கும்? (விடை: ஏறத்தாழ 7 நாள்.)
3. குழுவுக்குப் பொதுவாக ஒரு மல்ரிமீற்றர் வாங்கி, இருவரைப் பழக்க முடியுமா?