மழையை அளக்க வரும் பிள்ளைகளுக்கு

கோவில்பதாகையிலும் ஆவடியைச் சுற்றியும் இப்போது நிறைய இளையவர்கள் வானிலையைக் கவனிக்கிறார்கள். ஐப்பசி வந்துவிட்டால் போதும், கைப்பேசியில் ரேடார் படத்தை வைத்துக்கொண்டு மேகக்கூட்டம் பழவேற்காடு பக்கம் ஒதுங்குமா, நம் பக்கம் ஏறுமா என்று பேச்சு நடக்கிறது. கேட்க சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் கணிக்க ஆள் இருக்கும் அளவுக்கு அளக்க ஆள் இல்லை. அளக்க வருகிறவர்களுக்குச் சில விஷயங்களைச் சொல்லி வைக்கிறேன்.

1. மழையிலிருந்து தொடங்குங்கள். வெப்பமும் காற்றழுத்தமும் பத்து கிலோமீட்டருக்குள் பெரும்பாலும் பெரிதாக மாறாது. மழை அப்படியல்ல. 2015 டிசம்பர் 1 காலையிலிருந்து மறுநாள் காலை வரை தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. கொட்டியது. அதே 24 மணி நேரத்தில் நுங்கம்பாக்கத்தில் பதிவானது 29 செ.மீ. ஒரே மழை, ஒரே சென்னைப் பகுதி, இருபது செ.மீ. வித்தியாசம். திருவள்ளூர் மாவட்ட மழைப் பட்டியலில் ஆவடி, பூந்தமல்லி, சோழவரம், செங்குன்றம், பூண்டி என்று பெயர்கள் வரும். கோவில்பதாகை ஏரிக்கு மேல் பெய்தது எவ்வளவு என்பதை அந்த எண்களைக் கொண்டு ஊகிக்கலாம். ஊகம் அளவு ஆகாது.

2. விலை உயர்ந்த கருவி வேண்டாம். வானிலைத் துறையின் சாதாரண மழைமானி ஒரு புனலும் உள்ளே ஒரு பாட்டிலும்தான். அதன் வாய்ப்பரப்பு 200 சதுர செ.மீ. உள்விட்டம் 16 செ.மீ. உள்ள, விளிம்பு நேராக நிற்கும் புனல் கிடைத்தால் கிட்டத்தட்ட அதே பரப்பு வந்துவிடும். அப்போது கணக்கு சுலபம்: 20 மி.லி. தண்ணீர் சேர்ந்தால் 1 மி.மீ. மழை. பாட்டிலை மட்டும் பெரிதாக வையுங்கள். 4 லிட்டர் பாட்டில் 20 செ.மீ. மழையில் நிரம்பிவிடும். 2015 போல ஒரு நாள் வந்தால் 10 லிட்டர் வேண்டும். சிறிய பாட்டில்தான் இருக்கிறது என்றால், கனமழையில் நடுவிலேயே எடுத்து அளந்து எழுதிவிட்டு, காலையில் கூட்டிக்கொள்ளுங்கள்.

3. எங்கே வைக்கிறீர்கள் என்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. புனலின் விளிம்பு தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் மட்டமாக இருக்க வேண்டும். பக்கத்தில் மரமோ சுவரோ இருந்தால், அதன் உயரத்தைப்போல் குறைந்தது இரண்டு மடங்கு தள்ளி வையுங்கள். நம் பகுதியில் மனைக்கு மனை வீடு நெருங்கிவிட்டது, இடம் கிடைக்காது என்பது எனக்குத் தெரியும். மொட்டைமாடிதான் வழி என்றால் கைப்பிடிச் சுவரையும் தண்ணீர்த் தொட்டியையும் விட்டு விலகி நடுவில் வையுங்கள். மாடியில் காற்று வேகம் அதிகம், புனலுக்கு மேல் துளிகளை அடித்துக்கொண்டு போகும், அளவு கொஞ்சம் குறைந்தே வரும். அதனால் நோட்டின் முதல் பக்கத்தில் ‘மாடியில் வைத்தது’ என்று எழுதி வையுங்கள்.

4. காலை 8.30. அதற்கு முன்னும் வேண்டாம், பின்னும் வேண்டாம். நாடு முழுவதும் மழைக் கணக்கு முடியும் நேரம் அது, உலக நேரப்படி அதிகாலை 3 மணி. செவ்வாய் காலை அளந்தது செவ்வாய்க் கணக்கு, அதில் பெரும்பகுதி திங்களன்று பெய்திருந்தாலும். தூறல் விழுந்துகொண்டிருந்தாலும் போய் எடுங்கள். புனலைத் தூக்கும்போது அதன் கழுத்தில் தொங்கும் துளியையும் பாட்டிலுக்குள் தட்டிவிடுங்கள். அளவுக்குடுவையைச் சமதளத்தில் வைத்து, கண்ணைத் தண்ணீர் மட்டத்துக்கு இறக்குங்கள். நீர் கண்ணாடியோரம் ஏறி நடுவில் குழிந்திருக்கும். அந்தக் குழியின் அடிமட்டத்தைப் படியுங்கள், ஓரத்தைப் படிக்காதீர்கள். எழுதிய பிறகுதான் தண்ணீரைக் கொட்ட வேண்டும். கொட்டிவிட்டு எண்ணை நினைவில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் போகிற பழக்கம் வேண்டவே வேண்டாம்.

5. பெய்யாத நாளில் 0 என்று எழுதுங்கள். வெற்று இடம் விட்டால் மழை இல்லையா, நீங்கள் ஊரில் இல்லையா என்று பிறகு வருகிறவருக்குத் தெரியாது. 2.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் பெய்தால்தான் அது மழைநாள்.

6. வெப்பமானியைச் சுவரில் மாட்டாதீர்கள், சுவரின் சூட்டைத்தான் அது சொல்லும். வெயில் படக்கூடாது, ஆனால் காற்று தாராளமாகப் போய்வர வேண்டும். அதற்காகத்தான் தாமஸ் ஸ்டீவன்சன் என்ற கலங்கரை விளக்கப் பொறியாளர் வெள்ளையடித்த, நான்கு பக்கமும் சாய்சட்டம் வைத்த பெட்டியை உருவாக்கினார். நம் நாட்டில் அதன் கதவு வடக்கு நோக்கி இருக்கும், திறக்கும்போது வெயில் உள்ளே விழாதபடி. தரையிலிருந்து சுமார் நான்கடி உயரத்தில் கருவி இருக்க வேண்டும். பக்கத்திலேயே குமிழில் ஈரத்துணி சுற்றிய இன்னொரு வெப்பமானியையும் வைத்தால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் காற்றின் ஈரப்பதத்தைத் தந்துவிடும். மே மாதத்தில் இதைக் கவனியுங்கள். கடற்காற்று நுங்கம்பாக்கத்தை நனைத்த பிறகும் நம் பக்கம் வந்து சேர நேரமாகும். அது வந்த கணத்தில் வெப்பம் இறங்கி ஈரம் ஏறுவதை இரண்டு வெப்பமானிகளிலும் பார்க்கலாம். அதைப் பார்த்த பிள்ளை வானிலையை விடமாட்டான்.

7. காற்றழுத்தத்துக்கு உங்கள் கைப்பேசியே போதும், பலவற்றில் அந்த உணரி இருக்கிறது. தினமும் காலை 10 மணியளவில் அழுத்தம் உச்சத்தில் இருக்கும், மாலை 4 மணியளவில் தாழும். இந்த ஏற்ற இறக்கம் பழகிய பிறகுதான் புயலால் வரும் இறக்கத்தை அடையாளம் காண முடியும். அழுத்தத்தோடு காற்றின் திசையையும் குறியுங்கள். காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறதோ அதுவே அதன் பெயர், போகும் திசை அல்ல. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலின் மையம் சென்னையைக் கடந்தபோது காற்று ஓய்ந்து, பிறகு மாற்றுத் திசையிலிருந்து அடித்தது. புயல் முடிந்ததென்று அந்த அமைதியில் யாரும் வெளியே போகக்கூடாது, கருவியைப் பார்க்கவும் போகக்கூடாது.

8. நோட்டில் அழிப்பான் படக்கூடாது. தவறு என்றால் ஒரு கோடு போட்டுப் பக்கத்தில் சரியானதை எழுதுங்கள், பழையது படிக்கும்படி இருக்கட்டும். நோட்டின் அருமை பின்னால்தான் தெரியும். நுங்கம்பாக்கத்தில் 1792இல் கட்டி முடித்த வானாய்வு நிலையத்தில், ஜான் கோல்டிங்காம் 1796 முதல் வானிலையைக் குறிக்கத் தொடங்கினார். இந்திய வானிலைத் துறை பிறந்தது 1875இல்தான். சென்னையின் பருவநிலை மாறுகிறதா என்று இன்று ஆய்வாளர்கள் பேச முடிவதற்குக் காரணம், அப்படித் தினமும் உட்கார்ந்து எழுதியவர்கள்தான். நம் ஏரிக்கு அப்படி எழுதிய ஆள் உண்டா?

9. மழையோடு ஏரியையும் சேர்த்துக் குறியுங்கள். 1 செ.மீ. மழை ஓர் ஏக்கரில் சுமார் 40,000 லிட்டர் தண்ணீர். எத்தனை செ.மீ. பெய்த பிறகு கோவில்பதாகை ஏரியின் கலங்கலில் தண்ணீர் போகிறது, எந்தத் தெருவில் முதலில் கணுக்கால் அளவு நிற்கிறது என்று தேதியோடு எழுதுங்கள். நான்கைந்து பருவமழைக்கு இப்படி எழுதி வைத்தால், மாநகராட்சி அதிகாரியிடம் வடிகால் கேட்கப் போகும்போது உங்கள் கையில் வலுவான ஆதாரம் இருக்கும்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். புரட்டாசி முடிவதற்குள் மழைமானியை நட்டுவிடுங்கள். ஒரு தெருவுக்கு ஒருவர் போதும். ஊருக்குப் போகும் நாட்களில் அளந்து எழுத, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் இப்போதே கற்றுக்கொடுத்துவிடுங்கள்.