வேத பாடம்: அனல் உள்ளே இறங்கட்டும்

வாசிக்க: லேவியராகமம் 6:8-13, யோவான் 18:15-27



அமெரிக்காவின் அலாஸ்கா மாகாணத்தில் பெரும்பாலான கிராமங்களுக்கு ரோடு கிடையாது. தபாலானாலும் மருந்தானாலும், சுவிசேஷம் சொல்லப் போகிற ஊழியக்காரரானாலும், அநேக இடங்களுக்குச் சிறு விமானத்தில்தான் போகவேண்டும். உட்பகுதியில் குளிர்காலத்தில் மைனஸ் 40 டிகிரி வரைக்கும் இறங்குவதுண்டு. விடிந்தவுடனே சாவியைத் திருப்பிப் புறப்பட முடியாது. முதலாவது என்ஜினைச் சூடாக்கவேண்டும்.

ஏன் தெரியுமா? ஆயில் பாகு மாதிரி கெட்டியாகி, பம்ப் இழுத்தாலும் வராது. அதோடு என்ஜினின் கூடு அலுமினியம், உள்ளே சுழலுகிற கிராங்க் ஷாஃப்ட் எஃகு. குளிரில் அலுமினியம் எஃகைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு சுருங்கும். அப்போது ஆயில் ஓடவேண்டிய மயிரிழை இடைவெளியும் குறைந்துபோகும். (ஆயில் என்றதும் சிலர் அபிஷேகம் என்று ஓடிவிடுவார்கள். பொறுங்கள், இது என்ஜின் ஆயில்தான்.)

1930-களில் அங்கே பறந்தவர்கள் சாயங்காலம் இறங்கினவுடன், சூடு ஆறுமுன்னே ஆயிலை டின்னில் வடித்து, தங்குகிற வீட்டுக்குள் கொண்டுபோய் வைப்பார்கள். காலையில் அதை அடுப்பில் காய்ச்சுவார்கள். என்ஜின்மேல் கித்தானைப் போர்த்தி, அடியில் ஒரு அடுப்பை எரியவிட்டு, ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ காத்திருப்பார்கள். கித்தானில் தீப்பிடித்தால் விமானமே போய்விடும். ஆகவே பற்றவைத்துவிட்டு அங்கே இங்கே போக முடியாது, கூடவே உட்கார்ந்திருக்கவேண்டும்.

இன்றைக்கு மின்சார ஹீட்டரை ஆயில் தொட்டியிலும் சிலிண்டரிலும் பொருத்தி, உறை போட்டு இராமுழுதும் விட்டுவிடுகிறார்கள். லைகாமிங் கம்பெனி தன் பெரும்பாலான என்ஜின்களுக்கு மைனஸ் 12 டிகிரிக்குக் கீழே சூடாக்கச் சொல்லுகிறது, கான்டினென்டல் கம்பெனி மைனஸ் 7-லேயே சொல்லுகிறது. நம்ம வீட்டு ஃப்ரிட்ஜின் ஐஸ் அறைகூட அதைவிடக் குளிர்தான்!

இப்போது கவனியுங்கள். அவசரக்காரன் சிலிண்டர்மேல் மட்டும் கொஞ்ச நேரம் சூடான காற்றை அடித்து ஸ்டார்ட் பண்ணுவான். ஸ்டார்ட் ஆயிடும். சத்தமும் நல்லாத்தான் இருக்கும். ஆனால் கீழே தொட்டியிலும் குழாயிலும் ஆயில் இன்னும் இளகவில்லை. இரும்போடு இரும்பு உராய்கிறது. அரை நிமிஷம், மிஞ்சினால் ஒரு நிமிஷத்துக்குள் ஆயில் பிரஷர் முள் எழும்பாவிட்டால் உடனே அணைத்துவிடவேண்டும். அணைக்காதவனுடைய விமானம் அன்றைக்குப் பறந்தாலும் பறந்துவிடும். தேய்மானம் பிற்பாடு என்ஜினைப் பிரிக்கிறபோதுதான் தெரியவரும்.

பேதுருவைப் பாருங்கள். குளிரான இராத்திரி, கரிநெருப்பண்டை நின்று குளிர்காய்ந்துகொண்டிருந்தான். கை சூடாயிருந்தது. அதே நெருப்பண்டையில்தான் மறுதலித்தான். பிற்பாடு அவன் பெந்தெகொஸ்தே நாளில் எழுந்து நின்று பிரசங்கிக்கிறான். நடுவிலே என்ன நடந்தது? உயிர்த்தெழுந்த ஆண்டவர் அவனைத் தனியே விசாரித்தார். ஏறக்குறைய பத்து நாள் மேல்வீட்டறையில் ஜெபத்தில் தரித்திருந்தான். அதற்குப் பின்பே மேடை.

டிரம்ஸுக்கும் கைத்தாளத்துக்கும் நான் விரோதி அல்ல. ஆனால் சனிக்கிழமை ராத்திரி மனைவியோடு பேசாமல் படுத்தவர், ஞாயிறு காலை இரண்டு பாட்டில் அனலாகிவிட்டதாக நினைத்துக்கொள்கிறார். பிரஷர் முள்ளைப் பார்க்கவேண்டாமா?

வாலிபப் பிள்ளைகள் விஷயத்தில் எனக்கு இன்னும் பாரம் அதிகம். கன்வென்ஷனில் ஒரு தம்பி இரட்சிக்கப்படுகிறான். அடுத்த மாதமே கையில் மைக், அதற்கடுத்த மாதம் வாலிபர் கூட்டப் பொறுப்பு. வேதத்தை ஒருதரம்கூட முழுதும் வாசித்திருக்கமாட்டான். 1 தீமோத்தேயு 3:6-ல் பவுல் இதை எச்சரித்திருக்கிறார். இரண்டு வருஷத்தில் அந்தத் தம்பி சபைப் பக்கமே வருவதில்லை. "பின்வாங்கிப்போனான்" என்கிறோம். அவனைக் குளிரிலேயே ஸ்டார்ட் பண்ணினது யார்?

அப்படிப்பட்ட ஒரு தம்பி உங்கள் தெருவில் இருந்தால், இந்த வாரம் அவன் வீட்டுக்குப் போங்கள். ஊழியத்துக்குக் கூப்பிடாதிருங்கள், அவனோடு உட்கார்ந்து லேவியராகமம் 6:8-13 வாசியுங்கள். அக்கினி அவியலாகாது என்ற கட்டளை எத்தனை தரம் வருகிறது என்று எண்ணிப்பாருங்கள். விறகை வைக்கவேண்டியது யார், எந்த வேளையில் என்பதையும் அவனையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.