மென்பொருள் சோதித்தலில் உள்ளுணர்வின் பங்கு

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். பானையிலுள்ள அரிசி முழுவதும் ஒரே நீரில், ஒரே நெருப்பில் வேகுவதால் அது சோற்றுக்குப் பொருந்தும். மென்பொருளுக்குப் பொருந்தாது. ஆயிரம் உள்ளீடுகளுக்குச் சரியான விடை தந்த செய்நிரல் அடுத்த உள்ளீட்டில் பிழைக்கலாம். எல்லா உள்ளீடுகளையும் சோதித்து முடிக்கவும் இயலாது. அப்படியாயின் எதைச் சோதிப்பது? இங்குதான் உள்ளுணர்வு துணைக்கு வருகிறது.

கிளென்போர்ட் மையர்ஸ் என்பவர் 1979இல் மென்பொருள் சோதித்தல் பற்றி எழுதிய நூலில், பிழையை ஊகித்தலையும் ஒரு முறையாகச் சேர்த்துள்ளார். பூச்சியத்தைக் கொடுத்தால் என்னவாகும்? பெயருக்குரிய இடத்தை வெறுமையாக விட்டால்? பிறந்த திகதி பெப்ரவரி 29 ஆயின்? அனுபவமுள்ளவரின் மனத்தில் இத்தகைய கேள்விகள் தாமாகவே எழும்.

இதன் பெறுமதியை ஒரு துயரச் சம்பவம் உணர்த்துகிறது. தெராக்-25 என்பது கனடாவில் தயாரிக்கப்பட்ட, கணினியால் இயங்கும் கதிர்ச் சிகிச்சைப் பொறி. 1985 முதல் 1987 வரை ஆறு நோயாளிகள் அதனால் அளவுமீறிய கதிர்வீச்சுக்கு ஆளாயினர், சிலர் உயிரிழந்தனர். 1986 மார்ச்சில் அமெரிக்காவின் டைலர் நகரில் ஒருவர் பாதிக்கப்பட்டபோது, பொறியியலாளர்கள் பொறியைச் சோதித்தும் அந்தப் பிழை தென்படவில்லை. பொறி மீண்டும் இயக்கப்பட்டது. மூன்று வாரங்களில் இன்னொருவருக்கும் அதே கதி நேர்ந்தது.

அங்கிருந்த பௌதிகவியலாளர் விட்டுவிடவில்லை. பொறியை இயக்கிய பெண் தான் செய்தவற்றை நினைவுகூர, இருவரும் அதே விவரங்களை மீண்டும் மீண்டும் தட்டச்சுச் செய்து பார்த்தனர். ஈற்றில் உண்மை வெளிப்பட்டது. கதிரின் வகையைத் தவறாகத் தட்டி, அதை மிக வேகமாகத் திருத்தினாலேயே வழு தோன்றியது. காந்தங்கள் சீராக ஏறத்தாழ 8 விநாடிகள் சென்றன. அதற்குள் செய்யப்பட்ட திருத்தத்தைச் செய்நிரல் கவனிக்கவில்லை. மெதுவாகத் தட்டியபோது வழு தலைகாட்டவேயில்லை. பழகிய விரல்களின் வேகமே அதை வெளிக்கொணர்ந்தது.

இதில் இரு பாடங்கள் உள்ளன. உள்ளுணர்வு பழக்கத்தாலும் கூர்ந்த அவதானிப்பாலும் வளர்வது. அது தேடலின் தொடக்கமேயன்றி முடிவன்று. மீண்டும் செய்து காட்டிய பின்னரே சந்தேகம் சான்றாகிறது. "இந்தப் பொறி பிழைக்காது" என்ற நம்பிக்கையும் ஒருவகை உள்ளுணர்வுதான். அதுவோ உயிர்களைப் பலிகொண்டது.

சகோதரிகளே, உங்கள் செய்நிரல் ஒருமுறை சரியாக ஓடியதும் எழுந்துவிடாதீர்கள். எங்கே பிழைக்கும் என்று உங்களையே கேளுங்கள். பெற்றோரே, "இதில் ஏதோ பிழை இருக்கிறது" என்று பிள்ளை சொன்னால் அதைத் தட்டிக்கழிக்காமல், "எங்கே, செய்து காட்டு" என்று கேளுங்கள். நல்ல சோதனையாளர் உருவாவது அங்கிருந்துதான்.