அகற்று என்றால் அகற்றாதீர்கள்

எங்கள் சங்கத்துக் கணினிக்குப் புது ஒபிஸ் போட்டுத் தருவதாக ரவுணில் ஒரு கடை ஏற்றது. போட்டும் தந்தது. மயிலிட்டிக்குக் கொண்டுவந்து பார்த்தால் அங்கத்தவர் பட்டியல் திறக்கவில்லை.

அது லேசுப்பட்ட பட்டியல் இல்லை. 1990 ஜூனில் போரால் ஊரை விட்டு ஓடிய சனம் எந்த முகாமில், யாருடைய வளவில் இருக்கிறது, ஊரில் எந்த ஒழுங்கையில் இருந்தது என்றெல்லாம் இடம்பெயர்ந்த காலத்திலேயே ஒபிஸின் அக்சஸ் 97இல் அடித்து வைத்தது. 2017 ஜூலை 3ஆம் திகதி துறைமுகப் பக்கம் இராணுவத்திடமிருந்து விடுபட்டபோது யார் எங்கே இருந்தார் என்று பேச எங்கள் கையில் இருந்தது அதுதான். “இவ்வளவு காலமும் ஏன் பழைய கோப்பை வைச்சிருந்தனீங்கள்?” என்று கடைப் பொடியன் என்னையே கேட்டான். ஒபிஸ் 2007இல் அது ஒழுங்காகத் திறந்தது தம்பி, பிறகேன் கை வைப்பான்?

அவன் போட எடுத்தது ஒபிஸ் 2013இன் 64 பிட். 2007இல் 32 பிட் மட்டும்தான். 64 பிட் ஒபிஸ் முதன்முதலாக 2010 பதிப்பில்தான் வந்தது. ஒரு கணினியில் இரண்டும் சேர்ந்து இருக்காது. நிறுவத் தொடங்கியதுமே, 32 பிட் ஒபிஸ் இருக்கிறது, அதை முதலில் அகற்று என்று திரை சொல்லும். அந்த இடத்தில் நின்று, அதே 2013இன் 32 பிட்டை எடுத்திருந்தால் அலுவல் முடிந்தது. அவனோ கேட்ட உடனே 2007ஐ அழித்துவிட்டான். அக்சஸ் 2013க்கு 97 காலத்துக் கோப்பைத் திறக்கவே தெரியாது. விண்டோஸ் 64 பிட் என்றால் ஒபிஸும் 64 பிட்டாக இருக்க வேண்டுமாம், எனக்கு வகுப்பெடுத்தான். அப்படி ஒரு சட்டமும் இல்லை. பென்னாம்பெரிய எக்ஸல் கோப்பு வைத்திருப்பவருக்கு 64 உதவும். மீன் கணக்குக்கு எதற்கு?

திருப்பிக் கொண்டுபோனேன். 32 பிட் 2013ஐப் போட்டு, அதற்கு மேலே 2007ஐ ஏற்றித் தந்தான். பட்டியல் திறந்தது. ஆனால் வேர்டைத் தட்டும்போதெல்லாம் அமைப்புப் பெட்டி ஒன்று வந்து தேத்தண்ணி ஆறும் வரை நகராது. பழைய பதிப்பு முதலில், புதியது பிறகு; இந்த ஒழுங்கு மாறினால் கோப்புகளுக்கு உரிமை கேட்டு இரண்டும் மாறி மாறித் தம்மைப் பதியும். ‘ரிப்பேர்’ அடித்தால் சரிவரும் என்றான். ரிப்பேர் ஒன்றை முன்னுக்குத் தள்ளும். அடுத்தமுறை மற்றது தள்ளும்.

கடைசியில் நானே இரண்டையும் கழற்றி, 2007ஐயும் பிறகு 32 பிட் 2013ஐயும் போட்டேன். இரண்டாவதில் ‘கஸ்டமைஸ்’ அழுத்தி, முந்தைய பதிப்புகளை வைத்திரு என்பதைத் தெரிவுசெய்ய வேண்டும். அவுட்லுக் மட்டும் ஒன்றுதான் இருக்கலாம். பட்டியலைத் திறக்கும்போது எழுத்தெல்லாம் ஆங்கிலக் குப்பையாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம், பாமினி எழுத்துரு இல்லை, அவ்வளவுதான்.

பட்டியலை 2007இல் திறந்து புதிய அக்சஸ் வடிவத்தில் சேமித்தேன். இப்போது 2013இலும் திறக்கிறது. வலிகாமம் வடக்கில் ஊரூராக இப்படிப் பட்டியல் அடித்தவர்கள் இருப்பீர்கள். சிலரது பழைய டிஸ்க் கனடாவில் லாச்சிக்குள் கிடக்கும். ஒபிஸ் 2007 அல்லது 2010 உள்ள கணினி ஒன்று கைக்கெட்டும்போதே மாற்றிவிடுங்கள். கடைக்குக் கொண்டுபோக முன்னர் ஒரு பிரதியும் எடுத்து வையுங்கள்.