அதன் சாப்பாடு வேறு

அன்புள்ள கயல்விழிக்கு,

பெரியப்பா எழுதுவது.

கரும்பு வயல் மண்ணைக் கரைத்து நியூட்ரியன்ட் அகாரில் ஊற்றியும் அம்மோனியாவை நைட்ரைட் ஆக்கும் பாக்டீரியா சிக்கவில்லை, கண்டதெல்லாம் வளர்கிறது, இந்த எம்.எஸ்சி.யே எனக்கு ஒத்துவராது போல என்று புலம்பியிருக்கிறாய். ஒத்துவராதது நீ போட்ட சாப்பாடு. பெப்டோன், இறைச்சிச் சாறு என்று விருந்து வைத்தால் அதைத் தின்னத் தெரிந்தவைதான் முந்தி வரும். நீ தேடுவது அந்தப் பந்தியில் உட்காரவே உட்காராது.

நுண்ணுயிர் ஆராய்ச்சியாளர் செர்கேய் வினோகிராட்ஸ்கியைப் படித்திருப்பாய், ஒரு வரியாக. 1856இல் கீவ் நகரில் பிறந்தவர். சட்டம், பியானோ என்று அலைந்துவிட்டு அறிவியலுக்கு வந்தவர். (உனக்கு அந்த அலைச்சல்கூட இல்லை.) 1887இல் ஸ்ட்ராஸ்பர்க்கில், கந்தக ஊற்றுகளில் நூல் நூலாக வளரும் பெஜியடோவா என்ற பாக்டீரியாவை மைக்ரோஸ்கோப்பில் வைத்து, அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு நீரைக் கொடுத்தார். நூலுக்குள் கந்தக மணிகள் நிறைந்தன. நிறுத்தினார், மணிகள் கந்தக அமிலமாகிக் கரைந்துபோயின. நமக்குச் சோறு எரிந்து தெம்பாவதுபோல அதற்குக் கந்தகம் என்று கண்டுகொண்டார்.

உனக்கு வேண்டியது அடுத்த கதை. சூரிச்சில், 1890 வாக்கில், அவருக்கும் உன் கதிதான். ஜெலட்டினில் வளர்ந்தவை எல்லாம் அம்மோனியாவைத் தொடாதவை. மனிதர் என்ன செய்தார் தெரியுமா? எதுவுமே வளராத இடமாகப் பார்த்து ஜெலட்டினைக் கிள்ளி எடுத்து, அம்மோனியா உப்புக் கரைசலில் போட்டார். அங்கேதான் இருந்தது அது! வெயில் வேண்டாம், சர்க்கரை வேண்டாம். அம்மோனியாவை எரித்த தெம்பில், கரியமில வாயுவிலிருந்தே உடம்பை வளர்த்துக்கொள்ளும் உயிர். நாங்கள் படித்த காலத்தில் பிளேட் வெறுமையாக இருந்தால் வாத்தியார் பார்ப்பதற்குள் கழுவிவிடுவோம். எத்தனையைக் கழுவி ஊற்றினோமோ.

ஆகவே அகாரை ஒதுக்கி வை. குடுவையில் அம்மோனியம் சல்பேட், பாஸ்பேட், துளி மெக்னீசியம் சல்பேட், கொஞ்சம் தாராளமாகக் கால்சியம் கார்பனேட், கூடவே உன் வயல் மண் கொஞ்சம். அமிலம் சேரச் சேர அதைத் தணிக்கக் கார்பனேட் வேண்டும். பெப்டோன் கிட்டவே வரக்கூடாது. கரைசல் இரண்டு விரற்கடைக்கு மேல் வேண்டாம், காற்றுப் படவேண்டும். இருட்டில் வை. அம்மோனியாவில் கிடைக்கும் தெம்பு சொற்பம். அதனால் பெருக வாரக்கணக்கில் ஆகும். கைடு அவசரப்படுத்தினால் இதையே சொல். குடுவையைப் பார்த்தால் ஒன்றும் நடக்காததுபோலத்தான் தெரியும், கலங்கல்கூட இராது. கண்ணை நம்பாதே, வாரம் ஒருமுறை இரண்டு சொட்டு எடுத்து நைட்ரைட் சோதனை செய்.

சோதனையில் இளஞ்சிவப்பு வந்தால் இரவு எத்தனை மணியானாலும் போன் செய். பழைய பிளேட்டுகளை அதுவரை கழுவாதே.

அன்புடன்,
பெரியப்பா