நிலக் கிரயமும் தீர்வைப் பாக்கியும்

நிலம் வாங்கும் குடியானவர் மண்ணைக் கையில் எடுத்துப் பார்க்கிறார். கிணற்று நீரை விசாரிக்கிறார். வரப்பைச் சுற்றி வருகிறார். தீர்வை ரசீதைக் காட்டும்படி கேட்பவர் சிலரே. ஊர்ப் பெரியோர் முன்னிலையில் வெள்ளைக் காகிதத்தில் எழுதி வாங்கிக்கொண்டு உழவு தொடங்குகிறவர்களும் உண்டு.

அவ்வாறு வாங்கிய நிலம் சட்டப்படி இன்னும் விற்றவருடையதே. 100 ரூபாயும் அதற்கு மேலும் பெறுமானமுள்ள நிலத்தின் கிரயம், ரிஜிஸ்தர் செய்த பத்திரத்தினாலன்றிச் செல்லாது என்பது 1882-ம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 54-வது பிரிவு.

ரிஜிஸ்தர் செய்தவருக்கும் ஓர் ஆபத்து உண்டு. 1864-ம் வருஷத்து வருவாய் வசூல் சட்டப்படி நிலமே தீர்வைக்கு ஈடாகும். பாக்கிக்காக ஏலத்திற்கு வரும் நிலம், 42-வது பிரிவின்படி, சகல வில்லங்கங்களும் நீங்கியே விற்கப்படும். அடமானத்தின்பேரில் கடன் கொடுத்தவரும் இதனால் தம் ஈட்டை இழப்பார்.

ஒருவர் இரண்டு ஏக்கர் நஞ்சையை முறைப்படி கிரயம் பெற்றார் எனக் கொள்க. பட்டாவை மாற்றவில்லை. விற்றவர் மூன்று பசலித் தீர்வையைக் கட்டாமல் வெளியூர் சென்றுவிட்டார். கேட்பு நோட்டீசு பட்டாதாரராகிய விற்றவர் பெயருக்கே பிறக்கும். நடவு முடிந்த வயலில் நிற்கும் புதிய உடையவர், ஏலச் செய்தி ஊரில் பரவிய பிறகே விஷயத்தை அறிவார்.

கிரய நாள் வரையுள்ள வரியை விற்றவரே செலுத்த வேண்டுமென்று மேற்படி 1882-ம் வருஷத்துச் சட்டத்தின் 55-வது பிரிவு கூறுவது மெய்தான். ஆனால் அது அவ்விருவருக்கிடையே உள்ள கடமை. சர்க்கார் பாக்கியை அது தடுக்காது. ஆகவே ஏலத்திற்கு முன் வாங்கியவர் பாக்கியைக் கட்டி நிலத்தைக் காத்துக்கொள்வதே தக்கது. கட்டிய தொகையை விற்றவரிடமிருந்து பெற 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 69-வது பிரிவு இடந்தருகிறது. ஜமீன்தார் வைத்த வரிப் பாக்கியைக் குத்தகைதாரர் கட்டி, நிலம் ஏலம் போகாமல் காப்பதே அப்பிரிவில் காட்டப்பட்ட உதாரணமாகும். கட்டிய ரசீது பத்திரமாயிருந்தால்தான் வழக்கு நிற்கும்.

பட்டா மட்டும் இருந்தால் போதும் என்பதும் தவறான எண்ணமே. அது வரி வசூலுக்குரிய பதிவு. பாத்தியத்தைத் தீர்மானிப்பது பத்திரமும் அதன் பூர்வ வரலாறும். வில்லங்கச் சான்றிலோ தீர்வைப் பாக்கி தெரியாது. ரிஜிஸ்தர் ஆகாத பாகப்பிரிவினையும் தெரியாது. தகப்பனார் காலமானபின் அண்ணன் மட்டும் கையொப்பமிட்டு விற்ற நிலத்தில், தம்பியும் சகோதரிகளும் பின்னால் பங்கு கேட்பது இதனால்தான். சான்றைப் பார்த்தபின் கிராமக் கணக்கில் அடங்கலையும் சிட்டாவையும் ஒப்பிட்டு, வாரிசுகள் யாவர் என்று ஊரில் விசாரிக்க வேண்டும்.

கிராம அதிகாரிகள், சாகுபடி செய்பவர் ஒருவராகவும் பட்டாதாரர் வேறொருவராகவும் இருக்கக் கண்டால், பட்டா மாற்ற மனுக் கொடுக்கும்படி அவருக்கு அப்போதே சொல்வது நலம். வாங்குபவர் கிரயத் தொகையில் பாக்கிக்குச் சரியான பணத்தை நிறுத்தி, பத்திரம் எழுதும் நாளிலேயே விற்பவர் பெயரில் கட்டி, ரசீதின் எண்ணையும் தேதியையும் பத்திரத்தில் எழுதச் செய்யலாம்.