ஆபத்து வேளையில் விசுவாசமும் பிறர்சிநேகமும்

(குடும்பங்களுக்கு ஞானோபதேசப் பாடம்)



2004-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 26-ந் தேதி ஞாயிற்றுக்கிழமை. திருக்குடும்பத் திருநாள். அன்று காலை சுமத்திரா தீவருகே கடலடியில் உண்டான பூகம்பத்தால் எழும்பிய பேரலைகள், ஏறக்குறைய இரண்டரை மணி நேரத்தில் சோழமண்டலக் கரையை வந்து தாக்கின. அப்போதைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் மாத்திரம் 6,000-க்கு மேற்பட்டோர் மாண்டனர். வேளாங்கண்ணியில் கோயிலுக்குள் பூசை கண்டுகொண்டிருந்தவர்கள் பிழைத்தார்கள். கடற்கரையில் நின்ற யாத்திரிகரும் கடைக்காரரும் நூற்றுக்கணக்கில் மடிந்தார்கள்.

வினா: மாண்டவர்கள் பிழைத்தவர்களைவிடப் பெரிய பாவிகளா?

விடை: அல்ல. சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்தபோது, அவர்களை மற்றவர்களிலும் குற்றவாளிகளென்று எண்ணலாகாது என்று சேசுநாதரே போதித்தார் (லூக். 13). மனந்திரும்பச் சொன்னதும் உயிரோடிருந்து கேட்டவர்களைத்தான். ஆகையால் பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம், "இது உன் பாவத்தின் பலன்" என்று சொல்லுகிறவன் சுவிசேஷத்துக்கு விரோதமாய்ப் பேசுகிறான். "என் பக்தியே என்னைக் காப்பாற்றிற்று" என்று பெருமை பாராட்டுகிறவனும் அப்படியே.

வினா: பின்னே விசுவாசம் எதற்கு?

விடை: துன்பத்துக்குக் காரணம் சொல்வதற்கல்ல, துன்பத்திலும் சர்வேசுரனை விடாமல் பற்றிக்கொள்வதற்கு. அழுவது விசுவாசக் குறைவன்று. இலாசருடைய கல்லறையருகில் நம் ஆண்டவரும் அழுதார்.

வினா: சர்வேசுரனை நம்புகிறவன் புயல் எச்சரிக்கை கேட்டு வீட்டைவிட்டு ஓடலாமா?

விடை: ஓடவே வேண்டும். தேவாலயத்து உச்சியிலிருந்து குதிக்கும்படி பசாசு ஏவியபோது சேசுநாதர் மறுத்தார். வீணாய் ஆபத்தில் நிற்பது நம்பிக்கையல்ல, ஆண்டவரைச் சோதிப்பது. 2004-ல் இந்து மகா சமுத்திரத்துக்கு முன்னெச்சரிக்கை ஏற்பாடு இருக்கவில்லை. 2007 முதல் ஐதராபாத்தில் அதற்கென்று ஒரு நிலையம் நடந்துவருகிறது. மனிதனுக்கு அளித்த புத்தியைக்கொண்டும் சர்வேசுரன் நம்மைக் காக்கிறார்.

வினா: பங்குக் குடும்பங்களின் கடமை என்ன?

விடை: கிலவுதியு இராயன் நாளில் பஞ்சம் வருமென்று அறிந்த அந்தியோக்கியா நகரத்துக் கிறீஸ்தவர்கள், அவரவர் சக்திக்கேற்றபடி பணம் சேர்த்து யூதேயாவுக்கு அனுப்பினார்கள் (அப். நட. 11). பஞ்சம் வந்தபின் பார்த்துக்கொள்ளலாமென்று அவர்கள் இருந்துவிடவில்லை.

2004-ல் உள்நாட்டுக் கிராமத்தார் சோறு சமைத்துக் கரைக்கு எடுத்துவந்தார்கள். கோயில்களும் பள்ளிக்கூடங்களும் கலியாண மண்டபங்களும் திறக்கப்பட்டன. நாகூர் தர்கா மதம் பாராமல் மரித்தோரை அடக்க இடங்கொடுத்தது. ஆனால் வேறொரு காட்சியும் உண்டு. எங்கிருந்தோ வந்த பழந்துணிகள் சாலையோரங்களில் குவியலாய்க் கிடந்தன. மானமுள்ள மீனவர் அவற்றைத் தொடவில்லை. நாம் உடுத்தக் கூசுவதைப் பிறருக்குக் கொடுப்பது தர்மமல்ல, வீட்டைச் சுத்தம்பண்ணுவதே.

மேலும், முதல் வாரத்தில் வருகிறவர் அநேகர்; ஆறாம் மாதத்தில் வருகிறவர் சிலரே. துக்க வீட்டின் தனிமை அப்போதுதான் கனக்கும்.

இவ்வாரத் தீர்மானங்கள்

1. நம் தெருவில் தனியாயிருக்கும் முதியோர், நோயாளி, கர்ப்பிணி யாரென்று அறிந்து, ஆபத்தில் அவர்களை அழைத்துப்போகிறவர் யாரென்று இப்போதே பேசி முடிவுசெய்வோம்.

2. குடும்ப அட்டை, ஞானஸ்நானப் பத்திரம் முதலியவற்றை நீர் புகாத ஒரே உறையில் வைப்போம்.

3. இன்றிரவு குடும்ப செபமாலையில் ஒரு பத்துமணி, கடலில் மாண்ட எல்லா ஆத்துமாக்களுக்காகவும் ஒப்புக்கொடுப்போம்.

சமுத்திரத்தின் நட்சத்திரமாகிய தேவமாதா நமக்காக வேண்டிக்கொள்வாராக.